நெய்யூர் டாக்டரின் கேமராவும் நம்முடைய லடாக் பயணமும்

(நம் கல்லூரி ஒளிப்பட மன்றத்தில் பேசியதன் எழுத்து வடிவம். மலருக்காகக் கொஞ்சம் சுருக்கியிருக்கிறேன். மேடையில் சொன்ன இரண்டு ஜோக்குகளைப் பேராசிரியர்களின் நலன் கருதி நீக்கிவிட்டேன்.)



என்னை எதற்குக் கூப்பிட்டீர்கள் என்று தெரியும். வருகிற ஜூன் மாதம் மன்றத்திலிருந்து பன்னிரண்டு பேர் லடாக் போகிறீர்கள். நான் மூன்று தடவை போய் வந்தவன். தொழில் என்னவோ ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களோடு மல்லுக்கட்டுவதுதான். படம் எடுப்பது ஞாயிற்றுக்கிழமை வியாதி. கேள்விகளைச் சீட்டில் எழுதித் தரச் சொன்னேன். பதினேழு சீட்டு வந்தது. பதினான்கில் ஒரே கேள்வி: "எந்தக் கேமரா வாங்கலாம் அண்ணா?" இரண்டில் கேன்டீனைப் பற்றிப் புகார். அதற்கு நான் பொறுப்பில்லை. மிச்சமிருந்த ஒரு சீட்டில் பெயர் இல்லை. அதில் இப்படி எழுதியிருந்தது: "அண்ணா, எங்க அப்பா தறி நெய்யறார். ஒன்றரை லட்ச ரூபாய் செட்டை இ.எம்.ஐ.ல எடுக்கலாமா? அது இல்லாம போனா வேஸ்ட்னு சொல்றாங்க."

இன்றைக்கு நான் பேசப்போவது முழுக்க இந்தச் சீட்டுக்குப் பதில். மற்றவர்கள் கூட உட்கார்ந்து கேட்டுக்கொள்ளலாம்.

முதலில் ஒரு டாக்டரைப் பற்றிச் சொல்கிறேன். தியோடர் ஹோவர்ட் சாமர்வெல் என்று பெயர். இங்கிலாந்துக்காரர், அறுவைச் சிகிச்சை நிபுணர், மலையேறுபவர், ஓவியரும்கூட. 1922-ல் எவரெஸ்ட் ஏறப்போன குழுவில் இருந்தார். அது தோல்வியில் முடிந்த பிறகு இந்தியாவைச் சுற்றிப் பார்க்கத் தெற்கே வந்தவர், நெய்யூரில் இருந்த மிஷன் மருத்துவமனையைப் பார்த்தார். நெய்யூர் அப்போது திருவிதாங்கூரில் இருந்தது, இப்போது நம் கன்னியாகுமரி மாவட்டம். அங்கே காத்துக் கிடந்த நோயாளிகளின் கூட்டத்தையும் டாக்டர் பற்றாக்குறையையும் பார்த்துவிட்டு, லண்டனில் காத்திருந்த நல்ல வேலையை விட்டு இங்கேயே தங்கிவிட்டார். பிற்காலத்தில் நமக்குப் பக்கத்து ஊரான வேலூர் மருத்துவக் கல்லூரியிலும் பணியாற்றினார்.

1924-ல் நெய்யூரிலிருந்து மறுபடி எவரெஸ்டுக்குப் போனார். ஜூன் 4-ம் தேதி அவரும் நார்ட்டன் என்பவரும் ஆக்ஸிஜன் சிலிண்டர் இல்லாமல் ஏறினார்கள். ஏறத்தாழ 28,000 அடியில் சாமர்வெல்லுக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது, உட்கார்ந்துவிட்டார். நார்ட்டன் மட்டும் இன்னும் கொஞ்சம் போய், 28,126 அடியில் திரும்பினார். அந்த உயரத்தில், மூச்சு விடவே முடியாத நிலையில், முன்னால் போகும் நண்பனை சாமர்வெல் ஒரு படம் எடுத்தார். இறங்கும்போது தொண்டையிலிருந்து சதைப் படலமே பிய்ந்து வந்துதான் அவருக்கு மூச்சு திரும்பியது.

அதற்கடுத்து மேலே போனவர்கள் மல்லரியும் இர்வினும். மல்லரியிடம் கேமரா இல்லை. சாமர்வெல் தன்னுடைய வெஸ்ட் பாக்கெட் கோடாக்கை இரவல் கொடுத்தார். மடக்கினால் கோட்டு உள்சட்டையின் பைக்குள் அடங்கிவிடும், அதனால்தான் அந்தப் பெயர். ஜூன் 8-ம் தேதி இருவரும் மேகத்துக்குள் போனார்கள், திரும்பவில்லை. 1999-ல் மல்லரியின் உடல் கிடைத்தது. 2024-ல் இர்வினின் பெயர் தைத்த காலுறையோடு ஒரு பாதம் கிடைத்தது. கேமரா கிடைக்கவில்லை. எவரெஸ்ட் உச்சியை முதலில் தொட்டது யார் என்ற கேள்விக்கு அந்தச் சின்னப் பெட்டிக்குள் பதில் இருக்கலாம் என்று உலகம் இன்னமும் தேடிக்கொண்டிருக்கிறது.

ஒன்றைக் கவனியுங்கள். அதே குழுவில் ஜான் நோயல் என்ற அதிகாரபூர்வ ஒளிப்படக்காரர் இருந்தார். பெரிய சினிமா கேமரா, நீளமான டெலி லென்ஸ், சுமந்து போக ஆட்கள் என்று சகலமும் அவரிடம் இருந்தது. அவருடைய படங்கள் அற்புதமானவை. ஆனால் அவரும் அவருடைய கருவியும் வடக்குக் கணவாயோடு, சுமார் 23,000 அடியோடு நின்றுவிட்டார்கள். அதற்கு மேலே போனது பைக்குள் அடங்கிய கேமரா மட்டும்தான்.

இன்னும் அறுபது வருஷம் முன்னால் போனால் சாமுவேல் போர்ன். 1863-லிருந்து 1866 வரை மூன்று தடவை இமயமலைக்குள் போனார். அப்போது பிலிம் கிடையாது. கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, ஈரம் காயும் முன் படமெடுத்து, ஈரம் காயும் முன் கழுவியாக வேண்டும். அதாவது இருட்டறையையே கூடாரமாகத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். முதல் பயணத்துக்கே முப்பது கூலியாட்கள். 1866-ல் மணிராங் கணவாயில் 18,600 அடியில் படம் எடுத்தார். பெரிய சாதனைதான். ஆனால் போர்ன் மாதிரி எடுக்க ஆசைப்படுகிறவர் முதலில் அந்த முப்பது பேருக்கு டிக்கெட் எடுக்க வேண்டும். நமக்கு இருப்பது இரண்டு தோள்.

ஆகவே கம்பெனிப் பெயரிலிருந்து ஆரம்பிக்காதீர்கள், தராசிலிருந்து ஆரம்பியுங்கள். லே நகரம் சுமார் 3,500 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் காஞ்சிபுரத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். கர்துங் லா கணவாயில் ஏறக்குறைய பாதி. (அங்கே நெடுங்காலம் 18,380 அடி என்று போர்டு எழுதி வைத்திருந்தார்கள். அளந்து பார்த்தால் 17,582 அடிதான். பொறியாளர்கள் போர்டைப் படமெடுத்துக்கொள்ளலாம், நம்ப வேண்டாம்.) பாதிக் காற்றில், இங்கே தூக்குகிற மூன்று கிலோ அங்கே அதே மூன்று கிலோவாக இருக்காது. ஒரு மேடு ஏறியதும் பையைத் திறக்கவே மனசு வராது. பைக்குள் கிடக்கிற கேமரா என்ன விலையாக இருந்தால் என்ன?

கணக்கைப் பாருங்கள். பலரும் கனவு காணும் ஃபுல் ஃபிரேம் செட்: உடல் 700 கிராம், 24-70 எஃப் 2.8 லென்ஸ் 800 கிராம், 70-200 எஃப் 2.8 லென்ஸ் 1,400 கிராம் என்று தோராயமாக வைத்துக்கொள்வோம். கிட்டத்தட்ட மூன்று கிலோ ஆச்சு, முக்காலி இன்னும் சேரவில்லை. இதற்குப் பக்கத்தில் சின்ன சென்சார் செட் ஒன்று. உதாரணத்துக்கு நிக்கான் இசட் 50: பேட்டரி, கார்டோடு 450 கிராம். அதன் 16-50 லென்ஸ் 135 கிராம். 50-250 லென்ஸ் 405 கிராம். மொத்தம் 990. நம்மூரில் கனமான முகூர்த்தப் பட்டு ஒன்று இருக்குமே, அவ்வளவுதான். கேனன், சோனி, ஃபியூஜி எல்லாரிடமும் இதே மாதிரி ஜோடி உண்டு. எனக்கு எந்தக் கம்பெனியும் கமிஷன் தரவில்லை, தந்தால் சொல்கிறேன்.

"படத்தின் தரம் குறையாதா அண்ணா?" குறையும். எங்கே குறையும் என்றால், இருட்டில் குறையும், ஆளுயரத்துக்குப் பிரிண்ட் போட்டால் குறையும். காலை எட்டு மணி வெயிலில், எஃப் 8-ல் எடுத்த மலையை நம் மலரில் அச்சடித்தால், எது எந்தக் கேமரா என்று இந்த மேடையில் உட்கார்ந்திருக்கும் யாராலும் சொல்ல முடியாது. நானும் சொல்ல மாட்டேன்.

கனமான கருவி வைத்திருந்தவர்கள் எல்லாம் ஏமாளிகள் என்று அர்த்தமில்லை. நம் மா. கிருஷ்ணன், காட்டுயிர்களைக் கறுப்பு வெள்ளையில் எடுத்த மேதை, வெவ்வேறு கேமராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தானே ஒரு பெட்டியை உருவாக்கி, அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பேர் வைத்திருந்தார். பெயரிலேயே கனம் இருக்கிறது! ஆனால் அவர் அதன் ஒவ்வொரு திருகையும் அறிந்தவர், அதோடு பல வருஷம் காட்டில் வாழ்ந்தவர். ஜூனில் கிளம்ப மே மாதம் பெட்டி பிரிக்கிறவர் அவரை உதாரணம் காட்டக் கூடாது.

போனைப் பற்றி ஒரு வார்த்தை. அகலமான காட்சிக்கு, பகல் வெளிச்சத்தில், உங்கள் பையில் இருக்கும் போன் போதும். மானம் போகாது. தூரத்துச் சிகரத்தை இழுத்துப் பிடிக்கவும், விடியலுக்கு முந்திய மங்கலிலும், கடுங்குளிரில் மணிக்கணக்காக வேலை செய்யவும் அதால் முடியாது. ஆகவே பணம் கொஞ்சம்தான் இருந்தால், அகல லென்ஸுக்குச் செலவழிக்காதீர்கள். அந்த வேலையைப் போன் பார்த்துக்கொள்ளும். நீள லென்ஸுக்குச் செலவழியுங்கள். மலைக்கு எல்லோரும் அகல லென்ஸ்தான் முக்கியம் என்பார்கள், எனக்கு நேர் எதிர் அபிப்பிராயம். அகல லென்ஸில் 6,000 மீட்டர் மலை கரையான் புற்று மாதிரி ஆகிவிடும். 200 மி.மீ. பக்கம் போனால்தான் மலை மலையாகத் தெரியும்.

அடுத்தது பேட்டரி. குளிரில் லித்தியம் பேட்டரியின் உள்தடை கூடும், வோல்டேஜ் சரியும், கேமரா "காலி" என்று பொய் சொல்லும். சூடேற்றினால் பாதி உயிர் திரும்பும். 1953 மே 29-ம் தேதி எவரெஸ்ட் உச்சியில் ஹிலாரி, டென்சிங்கைப் படமெடுத்தாரே, அந்த கோடாக் ரெட்டினாவை அவர் சட்டைக்குள் கதகதப்பாக வைத்துத்தான் கொண்டுபோனார். அதில் பேட்டரியே கிடையாது, ஆனாலும் தந்திரம் அதேதான். உச்சியில் அவர்கள் இருந்தது கால் மணி நேரம். அதற்குள் டென்சிங்கை எடுத்தார், பிறகு ஒவ்வொரு பக்கமும் இறங்கும் மலை முகடுகளை எடுத்தார், ஏறினோம் என்பதற்குச் சாட்சி வேண்டுமே. ஹிலாரி உச்சியில் நிற்கும் படம் இல்லவே இல்லை. என்ன எடுக்கணும் என்று கீழேயே முடிவு செய்துகொண்டு போன ஆள் என்பது எனக்கு அதில் பிடித்த விஷயம்.

ஆளுக்கு மூன்று பேட்டரி, உள்சட்டைப் பையில். ராத்திரி தூங்கும்போது கம்பளிக்குள். விமானத்தில் பேட்டரியும் பவர் பேங்கும் கைப்பையில்தான் வர வேண்டும், பெட்டியில் போடக் கூடாது. குளிரிலிருந்து சூடான அறைக்குள் வரும்போது கேமராவை ஜிப் போட்ட பிளாஸ்டிக் பைக்குள் அடைத்து, அறையின் சூட்டுக்கு வந்த பிறகு திறங்கள். இல்லாவிட்டால் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த சொம்பு மாதிரி வேர்த்துவிடும். லடாக் தூசு மாவு போல இருக்கும். லென்ஸ் மாற்றுவதை வண்டிக்குள், கண்ணாடியை ஏற்றிவிட்டுச் செய்யுங்கள். போலரைசர் வேண்டாம், அந்த உயரத்தில் வானம் ஏற்கனவே கருநீலம், இன்னும் கறுப்பாக்கினால் துக்க வீடு மாதிரி இருக்கும். டிரோன் ஆசை இருந்தால் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். எல்லைப் பகுதி, அனுமதியில்லாமல் பறக்கவிட்டால் மீதிப் பயணம் காவல் நிலையத்தில்தான்.

முக்காலி பற்றி நிறையச் சண்டை உண்டு. பகலுக்கு மஞ்சப்பை போதும். சிரிக்காதீர்கள். கல்யாண வீட்டில் தருகிற மஞ்சப்பையை மடித்து எடுத்துப்போய், லே கடைத்தெருவில் ஒரு கிலோ பருப்பு வாங்கி உள்ளே போட்டுக் கட்டினால், பாறை மேலும் ஜன்னல் மேலும் கேமரா பதமாக உட்காரும். திரும்பி வரும் முன் பருப்பைத் தங்கிய வீட்டு அம்மாவிடம் கொடுத்துவிடலாம். நான் அப்படித்தான் செய்கிறேன், அடுத்த தடவை தேநீர் இலவசம்.

ஆனால் ஹான்லே போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். அங்கே 4,500 மீட்டரில் இந்திய வான் இயற்பியல் மையத்தின் ஆய்வகம் இருக்கிறது. நம் கொடைக்கானல் சூரிய ஆய்வகமும் அதே மையத்தைச் சேர்ந்ததுதான், ஆகவே தூரத்துச் சொந்தம். பால்வீதியை எடுக்க முக்காலி கட்டாயம். பன்னிரண்டு பேருக்குப் பன்னிரண்டு வேண்டாம், நாலு போதும். எஃப் 2.8 அல்லது அதைவிட அகலத் திறப்புள்ள லென்ஸ் ஒன்றிரண்டைச் சென்னையில் வாடகைக்கு எடுத்து முறை வைத்துக்கொள்ளுங்கள். நேரக்கணக்கு சுலபம்: 500-ஐ லென்ஸின் மி.மீ.யால் வகுத்து, சின்ன சென்சாருக்கு மறுபடி 1.5-ஆல் வகுங்கள். 16 மி.மீ.க்கு ஏறக்குறைய 20 விநாடி. அதைத் தாண்டினால் நட்சத்திரம் புள்ளியாக இல்லாமல் கோடாகும். வெள்ளை டார்ச் அடிக்காதீர்கள். சிவப்பு விளக்கு.

இப்போது அந்தச் சீட்டுக்கு வருகிறேன். தம்பியோ தங்கையோ, நேராகச் சொல்கிறேன்: எடுக்காதே. ஒன்றரை லட்சத்தை இரண்டு வருஷத் தவணை போட்டால் வட்டியோடு மாதம் ஏழாயிரத்தைத் தொடும். அது எத்தனை புடவைக்கான கூலி, அப்பா எத்தனை நாள் தறிக் குழிக்குள் கால் வைத்து உட்கார வேண்டும் என்று உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். பத்து நாள் பயணத்துக்கு இருபத்து நாலு மாசத் தவணை. அதில் உனக்குக் கிடைக்கப்போவது, மேட்டில் ஏறும்போது தூக்க முடியாத இரண்டு கிலோ கூடுதல் எடை. "அது இல்லாம போனா வேஸ்ட்" என்று சொன்னவர் யாரோ, அவரை சாமர்வெல்லின் படத்தைப் பார்க்கச் சொல்.

கேமராவே இல்லாமல் போ என்று சொல்லவில்லை. எங்கள் செட்டில் நாலு பேர் பேசி முடித்துவிட்டோம். எங்கள் வீடுகளில் தூங்குகிற சின்ன சென்சார் உடல் இரண்டு, 50-250 மாதிரி நீள லென்ஸ் மூன்று, முக்காலி இரண்டு, இவற்றை மன்றத்துக்குத் தருகிறோம். துறை அலமாரியில் இருக்கும். நோட்டில் கையெழுத்துப் போட்டு யாரும் எடுத்துப் போகலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. அந்தச் சீட்டை எழுதியவர் இன்னார் என்று எனக்குத் தெரியவும் வேண்டாம். ஒரே நிபந்தனை, திரும்பக் கொண்டுவந்து வைக்க வேண்டும். இரவல் வாங்குவதில் மல்லரியை முன்மாதிரியாகக் கொள்ளக் கூடாது.

மிச்சப்படுகிற காசில் ஒரு நல்ல கம்பளிக் கையுறை, குளிருக்கான உள்ளாடை, இரண்டு கார்டு. பெரிய கார்டு ஒன்றைவிடச் சின்னது இரண்டு மேல், ஒன்று கெட்டாலும் பாதிப் பயணம் மிஞ்சும். லேயில் இறங்கிய முதல் இரண்டு நாள் கேமராப் பையைத் தொடாமல் சும்மா இருங்கள், உடம்பு பழக வேண்டும். தலைவலி, வாந்தி, தள்ளாட்டம் வந்தால் படம் அப்புறம், முதலில் கீழே இறங்கு. இதில் வீரம் காட்டுகிறவரை மற்ற பதினோரு பேரும் சேர்ந்து இறக்குங்கள்.

கிளம்பும் முன் இங்கேயே ஒத்திகை பாருங்கள். மொட்டை மாடிக் கொடியில் வெள்ளை வேட்டியைக் காயப்போட்டு, ஃபிரேம் முழுக்க அதை நிரப்பி எடுங்கள். கேமரா வேட்டியைச் சாம்பலாக்கிக் காட்டும். பனியையும் அப்படித்தான் செய்யும். பிளஸ் ஒன்று, ஒன்றரை என்று ஏற்றி, வேட்டி வேட்டியாகும் இடத்தைக் கண்டுபிடித்தால் பனிக்குப் பாஸ். மடாலயங்களுக்குள் ஃபிளாஷ் அடிக்கக் கூடாது, இருட்டு நன்றாகவே இருக்கும். அதற்குப் பிள்ளையார்பாளையத்தில் தெரிந்த வீட்டுத் தறியில், கேட்டுக்கொண்டு, ஜன்னல் வெளிச்சத்தில் ஐ.எஸ்.ஓ. 3200 வைத்து, ஓடுகிற நாடாவைப் பிடித்துப் பழகுங்கள். கேட்டுக்கொண்டு என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள், லடாக் பாட்டிக்கும் அதே மரியாதை. முழுப் பையையும் தூக்கிக்கொண்டு ஒரு நாள் பர்வதமலை ஏறி இறங்குங்கள். எதையெல்லாம் பையிலிருந்து எடுக்கவே இல்லையோ, அதெல்லாம் லடாக்குக்கு வராது.

வருகிற ஞாயிறு காலை ஆறு மணிக்கு நான் கைலாசநாதர் கோயில் வாசலில் இருப்பேன். ராஜசிம்ம பல்லவன் எட்டாம் நூற்றாண்டில் கட்டிய மணற்கல் கோயில், கிழக்கு வெயில் பட்டதும் நிழலும் வெளிச்சமும் மலையில் விழுகிற மாதிரியே விழும். சுற்றுமதிலை ஒட்டி ஐம்பத்தெட்டுக் குட்டிச் சந்நிதிகள், ஆளுக்கு நாலைந்து வரும். தொல்லியல் துறையின் பொறுப்பில் இருப்பதால் முக்காலிக்கு அனுமதி வேண்டும், கொண்டுவராதீர்கள். கேமராப் பையை வீட்டுத் தராசிலோ மளிகைக் கடையிலோ எடை போட்டு, எண்ணை ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு வாருங்கள். இந்தத் தடவை பெயரும் போடுங்கள், அதிக எடைக்காரர் எல்லாருக்கும் கோயில் இட்லி வாங்கித் தர வேண்டும்.

இனி கேள்வி கேட்கலாம். கேன்டீனைப் பற்றி மட்டும் வேண்டாம்.